பாவும் படமும்: மென்பொருள் மாதிரியாக்கத்தை மாணவர் கற்கும் முறை

அரசு அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் முன்னர்ப் பேரேடுகள் வகித்த இடத்தை இன்று கணினி நிரல்கள் பெற்றுள்ளன. ஓய்வூதியம், உணவுப் பங்கீடு, நிலப் பதிவு, கல்வி உதவித்தொகை முதலியவற்றில் மக்களுக்குச் சேர வேண்டியது உரிய காலத்தில் சேருகிறதா என்பது, எங்கோ ஓரிடத்தில் யாரோ எழுதிய நிரலைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. நிரலில் எழுத்துப் பிழை இருப்பின் கணினியே அதனைச் சுட்டிக்காட்டிவிடும். ஆனால், நிரலை எழுதியவர் அப்பணியையே தவறாகப் புரிந்துகொண்டிருப்பின், அதனைக் கணினி சுட்டிக்காட்டாது; தவறான கணக்கைப் பிழையின்றிப் போட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தகைய தவறுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக ஏற்பட்ட முறையே மென்பொருள் மாதிரியாக்கம். நம் நாட்டின் பொறியியற் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினியியல் பயிலும் மாணவர் பலர் இதனைப் பாடமாகப் படிக்கின்றனர். எனினும், படிப்பவர் பலருக்கு இதன் பயன் விளங்குவதில்லை. மாணவர் இப்பாடத்தை எவ்வாறு நோக்குகின்றனர், அந்நோக்கு எதனால் ஏற்படுகிறது, அதனை மாற்றுவதற்கு என்ன செய்யலாம் என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

மாதிரி என்பது யாது?

வீடு கட்டத் தொடங்குமுன் வரைபடம் தயாரிப்பது வழக்கம். அவ்வரைபடத்தில் சுவரின் வண்ணம் இராது. அறைகளின் அளவும் வாயில்களின் இடமும் இருக்கும். மின்கம்பி அமைப்பவருக்கு வேறொரு படமும், குழாய் அமைப்பவருக்கு இன்னொரு படமும் தேவைப்படும். ஒவ்வொரு படமும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுகிறது. எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்று தீர்மானிக்கும் திறனே மாதிரியாக்கத்தின் உயிர்நிலை எனலாம்.

மென்பொருள் துறையிலும் இவ்வாறே படங்கள் வரையப்படுகின்றன. 1976ஆம் ஆண்டில் பீட்டர் சென் என்பவர், தரவுகளையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் படமாகக் காட்டும் முறையொன்றை வெளியிட்டார். பின்னர்ப் பலரும் பலவகைக் குறியீடுகளை உருவாக்கியதால் ஒருவர் வரைந்ததை மற்றவர் படிப்பது கடினமாயிற்று. கிராடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவார் யாக்கப்சன் ஆகிய மூவரும் தத்தம் முறைகளை ஒன்றிணைத்ததன் பயனாக, யூ.எம்.எல். எனப்படும் பொதுவான மாதிரியாக்க மொழி பிறந்தது. 1997ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிற்கூட்டமைப்பு ஒன்று இதனைத் தரமாக ஏற்றுக்கொண்டது. 2005ஆம் ஆண்டில் இதன் ஒரு பதிப்பு பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஏற்பையும் பெற்றது. 2017ஆம் ஆண்டின் 2.5.1ஆம் பதிப்பில் 14 வகைப் படங்கள் உள்ளன.

இவற்றுள் மாணவர் பெரும்பாலும் பயில்வன நான்கு. பயனாளருக்கு மென்பொருள் செய்து தரவேண்டிய பணிகளைக் காட்டுவது பயன்பாட்டுப் படம். பணியிலுள்ள பொருள்களின் வகைகளையும் உறவுகளையும் காட்டுவது வகுப்புப் படம். எந்தப் பொருள் எதனிடம் எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறது என்பதைக் காட்டுவது நிகழ்வரிசைப் படம். ஒரு பொருள் எந்தெந்த நிலைகளைக் கடந்து செல்கிறது என்பதைக் காட்டுவது நிலைமாற்றப் படம்.

இப்படங்கள் ஒரே பணியைப் பல பக்கங்களிலிருந்து காட்டுவன. ஆகவே அவை ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். இந்தக் கருத்தே மாணவருக்கு எளிதில் பிடிபடாதது. கணினியைக் காணாத காலத்திலிருந்தே இத்தகைய பொருத்தத்தைப் பேணிவந்த தொழில் ஒன்று உண்டு. அது நெசவு.

பாலராமபுரத்தின் தறிகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்திருப்பது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட மன்னர் பாலராம வர்மாவின் பெயரால் இவ்வூர் வழங்குகிறது. அவர் காலத்தில் தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கு அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. திவான் உம்மிணித் தம்பி இம்முயற்சியில் முன்னின்றார். தமிழ் பேசும் நெசவாளர் மலையாள நாட்டின் அரச குடும்பத்தினருக்கு ஆடை நெய்து, நாளடைவில் தங்கள் தெருக்களைக் கடந்து சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் தொழிலைப் பரப்பினர். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கு அப்பால் எல்லை அமைந்தாலும் தறியின் சொற்களுக்கு எல்லை ஏற்படவில்லை. தமிழில் பாவு, ஊடை எனப்படுபவை மலையாளத்தில் பாவு, ஊடு என வழங்குகின்றன.

குழித்தறியில் நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துணியும் கசவுக் கரையும் பாலராமபுரத்தின் சிறப்புகள். இங்கு நெய்யப்படும் சேலைகளும் மென்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

கரையின்றி நெய்யும் எளிய துணிக்கு நெசவாளிக்குப் படம் ஏதும் வேண்டுவதில்லை. ஓர் இழை மேல், ஓர் இழை கீழ் என்னும் முறை அவருடைய கைக்கும் காலுக்கும் பழகிப்போனது. கரையிலோ முந்தியிலோ உருவம் அமைக்க வேண்டியபோது கட்டமிட்ட தாள் வேண்டியிருக்கிறது. நெசவுத் தொழில்நுட்பப் பாடத்தில் இதற்கு மூன்று படங்கள் சொல்லப்படுகின்றன.

முதற்படம் துணியைக் காட்டுவது. அதில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு பாவு இழை. ஒவ்வொரு கிடைவரிசையும் ஓர் ஊடை இழை. பாவு இழை மேலே வருமிடத்தில் கட்டம் நிரப்பப்படும். இரண்டாம் படம், எந்தப் பாவு இழை எந்த விழுதின் வழியே கோக்கப்பட வேண்டும் என்பதைக் காட்டும். மூன்றாம் படம், ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் எந்தெந்த விழுதுகள் தூக்கப்பட வேண்டும் என்பதைக் காட்டும். ஆக, முதலாவது கிடைக்க வேண்டிய பயனையும், இரண்டாவது தறியின் அமைப்பையும், மூன்றாவது காலவரிசையில் நிகழும் செயலையும் சொல்கின்றன. இரண்டும் மூன்றும் தெரிந்தால் முதற்படத்தை வருவித்துவிடலாம். முதலும் இரண்டும் தெரிந்தால் மூன்றாவதை வருவித்துவிடலாம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் தாளிலேயே பிழை தெரிந்துவிடும். தாளில் தெரியும் பிழையை அழிப்பானால் திருத்திவிடலாம். ஆயிரக்கணக்கான இழைகளை விழுதில் கோத்த பின்னர்த் தெரியும் பிழைக்கு நெசவாளியின் பல நாள் உழைப்பே விலையாகும்.

பயன்பாட்டுப் படம், வகுப்புப் படம், நிகழ்வரிசைப் படம் ஆகியவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய பொருத்தமும் இத்தகையதே. கணினியின் வரலாற்றிலும் நெசவுக்கு ஓர் இடமுண்டு. 1804ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பாவு இழைகளைத் தூக்கும் பொறியமைப்புக்கு உரிமம் பெற்றார். சார்லஸ் பாபேஜ் 1837ஆம் ஆண்டில் வடிவமைத்த கணிப்பொறிக்கு அவ்வட்டை முறையையே மேற்கொண்டார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹொலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். அட்டையைக் கணினி நிரலின் முன்னோடி என்று பாடநூல்கள் கூறுகின்றன. அட்டையில் துளையிடுவதற்கு முன் ஒருவர் கட்டத்தாளில் உருவத்தை வரைந்தாக வேண்டும் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. நிரலுக்கு முன்னோடி அட்டை என்றால், மென்பொருள் மாதிரிக்கு முன்னோடி அந்தக் கட்டத்தாள்.

மாணவரின் நோக்கு

மென்பொருள் மாதிரியாக்கத்தைப் பயிலும் மாணவரிடையே சில கருத்துகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

மாதிரி என்பது மதிப்பெண்ணுக்காக வரையும் படம் என்பது முதற்கருத்து. நிரலை முதலில் எழுதி முடித்து, பதிவேட்டில் சேர்ப்பதற்காகப் பின்னர்ப் படம் வரைவோர் உண்டு. அவ்வாறு வரையப்படும் படம் நிரலை நகலெடுக்கிறதேயன்றி அதற்கு வழிகாட்டுவதில்லை. மாணவரை மட்டும் இதற்குக் குறை கூறுதல் முறையன்று. கல்லூரியில் தரப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒருவரே ஓரிரு நாளில் எழுதி முடிக்கக்கூடிய அளவினவாக உள்ளன. எளிய துணிக்கு நெசவாளிக்குப் படம் வேண்டாததைப்போல, சிறிய நிரலுக்கு மாணவருக்கும் மாதிரி வேண்டியிருப்பதில்லை. தேவையை உணராத இடத்தில் பயனையும் உணர முடியாது.

குறியீடுகளைச் சரியாக அறிந்தால் மாதிரியாக்கம் வந்துவிடும் என்பது இரண்டாவது கருத்து. அம்புக்குறியின் முனை நிரப்பப்பட வேண்டுமா, கோடு விட்டுவிட்டு வர வேண்டுமா என்பவற்றில் மாணவரின் கவனம் செல்கிறது. எழுத்திலக்கணம் அறிந்தவர் எல்லாரும் கட்டுரை எழுதிவிடுவதில்லை. குறியீட்டில் பிழையற்ற படம் கருத்தில் முற்றிலும் பிழையாக இருத்தல் கூடும்.

கேள்விக்கு ஒரே சரியான விடை உண்டு என்பது மூன்றாவது கருத்து. கணிதப் பாடத்தில் பழகிய மாணவர், ஆசிரியர் வரைந்த படத்தோடு தம் படத்தை ஒப்பிட்டு, வேறுபட்டால் தம்முடையது தவறு என்று கருதுகின்றனர். ஒரே பணிக்குப் பல மாதிரிகள் இருக்கலாம். எந்த நோக்கத்திற்கு எது பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது.

தொழிலில் இவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது நான்காவது கருத்து. இதில் ஓரளவு உண்மை உண்டு. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் மரியன் பீட்டர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 50 மென்பொருள் பொறியாளர்களின் பழக்கங்களைத் தொகுத்தார். அவர்களுள் 35 பேர் யூ.எம்.எல். மொழியைப் பயன்படுத்துவதில்லை என்றனர். 11 பேர் தமக்கு வேண்டிய படங்களை மட்டும் தேர்ந்து பயன்படுத்தினர். முழுமையாகப் பின்பற்றியவர் ஒருவரும் இல்லை. ஆனால், குறிப்பிட்ட ஒரு குறியீட்டு மொழியைக் கைவிடுவதும், மாதிரி அமைத்துச் சிந்திப்பதைக் கைவிடுவதும் ஒன்றல்ல. மேலும், மாதிரியை நடுவிடத்தில் வைத்து, அதிலிருந்தே நிரலின் பெரும்பகுதியை உருவாக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. 1981ஆம் ஆண்டில் புனே நகரில் தொடங்கப்பட்ட டாட்டா ஆராய்ச்சி, வளர்ச்சி, வடிவமைப்பு மையம் இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்துகளின் விளைவு மாணவரின் வடிவமைப்புகளில் தெரிகிறது. பல நாடுகளின் 21 கல்வி நிறுவனங்களில் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த மாணவர்களிடம், மென்பொருள் ஒன்றை வடிவமைத்துத் தருமாறு கேட்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளியாயின. ஆராயப்பட்ட 149 வடிவமைப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை, கேள்வியில் தரப்பட்டிருந்த செய்திக்கு மேல் குறிப்பிடத்தக்கதாக எதனையும் சேர்க்கவில்லை. ஓரளவேனும் வடிவமைப்பு என்று சொல்லத்தக்கவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சில மாணவர் தெளிவான வடிவமைப்புகளை உருவாக்க, வேறு சிலரால் இயலாமற்போவது ஏன் என்னும் வினாவை இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜெஃப் கிரேமர் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் எழுப்பினார். வேண்டாதவற்றை விலக்கி வேண்டியதைப் பிரித்தெடுக்கும் திறனே இதற்கு அடிப்படை என்பது அவருடைய விடை.

ஒரு சங்கத்தின் நூல் கணக்கு

இத்திறன் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கை மென்பொருளாக்கும் பயிற்சி மாணவர் குழுவொன்றுக்குத் தரப்படுவதாகக் கொள்வோம். சங்கம் உறுப்பினருக்கு நூல் வழங்குகிறது. உறுப்பினர் துணி நெய்து தருகிறார். சங்கம் கூலி வழங்குகிறது. கேட்பதற்கு எளிய பணிதான்.

மாணவர் வழக்கமாக முதலில் வரையக்கூடிய வகுப்புப் படத்தில் உறுப்பினர், நூல், துணி, கூலி என நான்கு பெட்டிகள் இருக்கும். வழங்கிய நூலின் எடையிலிருந்து பெற்ற துணியின் எடையைக் கழித்தால் உறுப்பினரிடம் உள்ள குறைவு தெரிந்துவிடும் என்று அவர்கள் கருதுவர். படத்தில் குறியீட்டுப் பிழை ஏதும் இராது. அதனைக் கொண்டு எழுதிய நிரலும் தடையின்றி ஓடும்.

இனி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 வேட்டிகளுக்கான பாவு நூல் 2 கிலோ ஓர் உறுப்பினருக்கு ஒரே முறையாக வழங்கப்படுகிறது. ஊடை நூல் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வழங்கப்படுகிறது. எளிமைக்காக, ஒரு வேட்டிக்குப் பாவு 200 கிராம், ஊடை 200 கிராம் எனக் கொள்வோம். மாத இறுதியில் அவர் மூன்று வேட்டிகளைத் தந்திருக்கிறார்; அவற்றுக்கு ஊடையாக 600 கிராம் பெற்றிருக்கிறார். அவர் பெற்ற நூல் மொத்தம் 2 கிலோ 600 கிராம். தந்த துணி 1 கிலோ 200 கிராம். நிரலின் கணக்குப்படி 1 கிலோ 400 கிராம் நூல் குறைகிறது. அத்தொகையைக் கூலியில் பிடித்துக்கொள்ளுமாறும் நிரல் அறிவிக்கலாம். உண்மையில் ஒரு கிராம் நூலும் குறையவில்லை. மீதி ஏழு வேட்டிகளுக்கான பாவு தறியில் பூட்டப்பட்டிருக்கிறது.

பிழை நிரலில் இல்லை, மாதிரியில் இருக்கிறது. பாவு என்பது தனியொரு பொருள் என்பதை அப்படம் அறியவில்லை. நூல் வழங்கல் ஒன்று, அதனால் உருவாகும் பாவு ஒன்று, அப்பாவிலிருந்து அறுபடும் துணிகள் பல என்னும் உறவை வரைந்திருந்தால் இக்குறைவு தோன்றியிராது. நூல் என்னும் பொருளுக்கு நிலைமாற்றப் படம் ஒன்றை வரைந்திருந்தாலும் பிழை வெளிப்பட்டிருக்கும். கிடங்கில் உள்ள நூல், வழங்கப்பட்ட நூல், பாவாக ஓட்டிக் கஞ்சி போடப்பட்ட நூல், தறியில் உள்ள நூல், துணியான நூல், கழிவான நூல் என்று நிலைகளை எழுதிப் பார்க்கும்போது, தறியில் உள்ள நூலுக்கு வகுப்புப் படத்தில் இடமே இல்லை என்பது தெரிந்துவிடும். ஒரு படத்தின் குறையை மற்றொரு படம் காட்டிக்கொடுப்பது இவ்வாறுதான். கழிவு என்னும் நிலையும் கருதத்தக்கது. பாவின் கடைசிப் பகுதியை நெய்ய இயலாது. அதனை ஏற்றுக்கொள்ளாத மாதிரி, ஒவ்வொரு பாவின் முடிவிலும் நெசவாளியின் மேல் ஒரு சிறு கடனைச் சுமத்திக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் உறுப்பினர் என்னும் பெட்டியில் உள்ளது. சங்கத்தின் ஏட்டில் பெயருள்ளவர் ஒருவர். தறியில் அமர்பவர் மற்றொருவராக இருக்கலாம். தார் சுற்றுபவரும் பாவு ஓட்டுபவரும் வேறு சிலராக இருக்கலாம். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர் உள்ளதாகக் கூறுகிறது. அவர்களுள் 26.73 லட்சம் பேர் நெசவாளர், 8.48 லட்சம் பேர் துணைத் தொழிலாளர். உறுப்பினர் என்னும் ஒரே பெட்டியோடு நின்றுவிடும் மாதிரியில் துணைத் தொழிலாளரின் உழைப்புக்குப் பதிவே இராது. பதிவில் இல்லாதவருக்கு நலத்திட்டத்தின் பயன் சேர்வதும் கடினம். எந்தப் பெட்டியை வரைவது என்னும் தீர்மானம், யாரைக் கணக்கில் கொள்வது என்னும் தீர்மானமாகவும் ஆகிவிடுகிறது.

இவற்றை மாணவர் வகுப்பறையிலிருந்தே கண்டுபிடித்துவிட முடியாது. வரைந்த படத்தை எடுத்துச்சென்று, நெசவாளிக்கும் சங்கத்தின் எழுத்தருக்கும் வாக்கியங்களாகப் படித்துக் காட்ட வேண்டும். "ஒரு முறை வழங்கும் நூலில் ஒரு துணி வரும்" என்று அம்புக்குறியைச் சொற்களாக்கிப் படித்தால், தறியில் அமர்ந்திருப்பவர் அக்கணமே மறுத்துவிடுவார். அதுவே அம்மாதிரிக்கான முதற்சோதனை. பாலராமபுரம் போன்ற இருமொழிப் பகுதியில் ஒரே படத்தை நெசவாளிக்குத் தமிழிலும் எழுத்தருக்கு மலையாளத்திலும் படித்துக் காட்ட வேண்டியிருக்கலாம். பெட்டிகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையே இட்டிருந்தால் இது எளிதாகும்.

கற்பித்தலில் செய்யத்தக்கவை

மாதிரியாக்கம் பாடத்திட்டங்களில் இடம்பெறாத ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறையில், பொருள்நோக்குப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் பற்றிய பாடமும் அதற்கெனத் தனியே ஆய்வகப் பயிற்சியும் இடம்பெற்றிருந்தன. கடவுச்சீட்டுப் பணி, நூல் வங்கி, தேர்வுப் பதிவு, இருப்புக் கணக்கு முதலியன அப்பயிற்சிக்குரிய தலைப்புகளுள் சில. தலைப்புகள் நல்லவையே. ஆயினும், பல கல்லூரிகளில் பல ஆண்டுகளுக்குத் தொடரும் தலைப்புகளுக்கு ஆயத்தப் படங்கள் கிடைத்துவிடுவது எளிது. அருகிலுள்ள சங்கம், சந்தை, நூலகம், மருந்தகம் ஆகியவற்றின் பணிகளைத் தலைப்பாகக் கொள்ளும்போது மாணவர் தாமே சென்று கேட்டறிய வேண்டியதாகிறது.

வரைவதற்கு முன் படிக்கப் பழக்குதல் நன்று. நல்ல மாதிரி ஒன்றையும் பிழையுள்ள மாதிரி ஒன்றையும் தந்து, அவற்றை வாக்கியங்களாக்கிப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் செய்யலாம். தொடக்கத்தில் தாளும் பென்சிலுமே போதும். கணினிக் கருவிகள் படத்தை அழகுபடுத்துகின்றன. அழகிய படத்தை மாற்றுவதற்கு மாணவருக்கு மனம் வருவதில்லை. கருத்து உறுதிப்பட்ட பின்னர்க் கருவிக்குச் செல்வதே முறை.

இரு குழுக்களுக்கு ஒரே பணியைத் தந்து, அவர்களின் மாதிரிகளை ஒப்பிட்டு விவாதிக்கச் செய்வதும் பயன் தரும். எது சரி என்பதற்கு மாறாக, எந்த வேறுபாட்டால் எந்தக் கணக்கு மாறும் என்று கேட்க வேண்டும். பருவத்தின் நடுவில் பணியின் தேவையை மாற்றித் தருவது மற்றொரு வழி. சங்கம் இனித் துணைத் தொழிலாளருக்கும் நேரடியாகக் கூலி வழங்கும் என்று அறிவித்தால், மாதிரி வைத்திருக்கும் குழு எந்தெந்த இடங்களை மாற்ற வேண்டும் என்பதைப் படத்திலேயே கண்டுகொள்ளும். மாதிரி இல்லாத குழு நிரல் முழுவதையும் தேடும். பயன் என்னவென்பதை அப்போது ஆசிரியர் சொல்ல வேண்டியிராது.

மதிப்பீட்டு முறையும் மாற வேண்டும். படத்தின் தூய்மைக்கு மதிப்பெண் வழங்கும்வரை மாணவர் தூய படங்களையே தருவர். எதனை விட்டீர், ஏன் விட்டீர் என்னும் வாய்மொழி வினாவுக்கு மதிப்பெண் வழங்கினால் அவர்கள் காரணத்தைத் தேடுவர். 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, வேண்டுவதைச் சொன்னால் நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் மாணவரிடையே விரைந்து பரவியுள்ளன. இந்நிலையில் நிரலெழுதும் திறனைவிட, வேண்டுவது யாது என்று தெளிவாகச் சொல்லும் திறனும், வந்த நிரல் அதற்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் திறனும் மதிப்புப் பெறுகின்றன. இவ்விரண்டும் மாதிரியாக்கத்தால் வளர்பவை.

அலுவலர் கவனத்திற்கு

மென்பொருளை வாங்கும் அரசுத் துறைகளும் கூட்டுறவு அமைப்புகளும் இதில் பங்கு பெறலாம். ஒப்பந்தப்புள்ளி கோரும்போது திரைகளின் எண்ணிக்கையையும் அறிக்கைகளின் எண்ணிக்கையையும் குறிப்பிடுவதோடு, நிரல் எழுதத் தொடங்குமுன் பணியின் மாதிரியைத் தருமாறும் கேட்கலாம். அம்மாதிரியைக் களப்பணியாளர் முன்னிலையில் அவர்களுடைய மொழியில் படித்துக் காட்டி, திருத்தங்களைப் பெற்ற பின்னரே ஒப்புதல் அளிக்கலாம். விதிகள் மாறும்போது மாதிரியையும் திருத்தி வைத்துக்கொண்டால், ஒப்பந்ததாரர் மாறினாலும் பணியைப் பற்றிய அறிவு அலுவலகத்திலேயே தங்கும். இத்தகைய பணிகளில் அருகிலுள்ள கல்லூரி மாணவரை ஈடுபடுத்துவது இரு சாராருக்கும் நன்மை தரும்.

கட்டத்தாளில் ஒரு கட்டம் தவறினால், கரையில் அது மீண்டும் மீண்டும் வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். துணியைப் பார்ப்பவர் எவரும் அதனைக் கண்டுகொள்வர். மென்பொருளில் நேரும் தவறு அவ்வாறு வெளியே தெரிவதில்லை. யாரோ ஒருவருடைய கூலியில் சிறு தொகையாகவும், பட்டியலில் விடுபட்ட ஒரு பெயராகவும் அது மறைந்திருக்கும். அத்தவறை நிரலாக மாறுமுன்னரே காணக்கூடிய கண்களை மாணவருக்குத் தருவதே மாதிரியாக்கக் கல்வியின் பணியாகும்.